துவர்ப்பிலிருந்து தொடங்குங்கள்: போர்ச்சுகல் மேசை ஒயின்களைச் சுவைத்து ஒப்பிடுவது

கேள்வி: வேலைக்காக லிஸ்பனுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. கடைக்குப் போனால் ஒரு சுவர் முழுக்க உள்ளூர் ஒயின். போர்ட் ஒயின் தெரியும். மற்றதெல்லாம் எனக்கு ஒரே மாதிரி புளிப்பும் துவர்ப்புமாக இருக்கிறது. நண்பர்கள் நாலைந்து பேர் ஒரு மாலையில் வரிசையாகச் சுவைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறோம். எதை வாங்குவது, எப்படி ஒப்பிடுவது?

புளிப்பு, துவர்ப்பு என்று இரண்டு சொல் சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் குறையாகச் சொன்ன அந்த இரண்டையும் அளவுகோலாக வைத்துக்கொண்டால் போதும், அந்தச் சுவரில் இருக்கும் பாட்டில்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரியத் தொடங்கும். போர்ச்சுகலில் ஒயின் என்பது சாப்பாட்டோடு சேர்ந்தது. தனியாக, வெறும் வயிற்றில், ஒரு மிடறு குடித்துவிட்டு மதிப்பெண் போட்டால் அந்த நாட்டின் நல்ல ஒயின்களில் பாதி தோற்றுவிடும். நான் போர்த்து நகரத்தில் ஆறு வருடம் இருந்தேன். முதல் வருடம் முழுக்க இந்தத் தவறைத்தான் செய்தேன்.

துவர்ப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆங்கிலம் வழியாக ஒயினைப் படிக்கிறவர்கள் டானின் என்ற துவர்ப்புப் பொருள் என்றால் என்ன, அதை வாயில் எங்கே தேடுவது என்று தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நமக்கு அது அறுசுவையில் ஒன்று. வாழைப்பூ, கொட்டைப்பாக்கு, செங்காய் நாவல் எல்லாம் சின்ன வயதிலிருந்தே நாக்குக்குப் பழக்கம். ஒயினில் இந்தத் துவர்ப்பு திராட்சையின் தோல், விதை, காம்பிலிருந்து வருகிறது. விழுங்கிய பிறகு ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் ஒரு இறுக்கம் தெரியும். எவ்வளவு துவர்க்கிறது என்பதோடு எப்படித் துவர்க்கிறது என்றும் பாருங்கள். கட்டஞ்சாயா போல மெல்லிய பூச்சாக நிற்கிறதா, பாக்கு போலக் கடிக்கிறதா, வாழைக்காய்க் கறை போல ஒட்டிக்கொள்கிறதா? இந்த மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் வாய் ஏற்கெனவே அறியும்.

புளிப்பைப் பார்ப்பது இன்னும் எளிது. விழுங்கியதும் நாக்கின் இரு பக்கமும் எச்சில் ஊறுகிறதா, எவ்வளவு நேரம் ஊறுகிறது என்று கவனித்தால் சரி. துவர்ப்பு வாயை உலர்த்தும், புளிப்பு ஊறவைக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் எல்லா ஒயினும் ஒன்றுபோலத் தோன்றுகிறது.

மேசை ஒயின் என்று நான் சொல்வது சாராயம் சேர்க்காத, சாப்பாட்டு மேசைக்கான சாதாரண ஒயினை. போர்ட் அப்படியல்ல. அதில் நொதித்தல் பாதியில் இருக்கும்போதே 77 சதவீத வீரியமுள்ள திராட்சைச் சாராயத்தை ஊற்றி நிறுத்திவிடுவார்கள். அதனால் சர்க்கரை மிஞ்சும், வீரியமும் 20 சதவீதத்தை ஒட்டி வரும். 1703-இல் இங்கிலாந்து மெத்துவன் ஒப்பந்தப்படி போர்ச்சுகல் ஒயினுக்குப் பிரெஞ்சு ஒயினைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக வரி போட்டது. 1756-இல் போர்ச்சுகல் அமைச்சர் பொம்பால் பிரபு, போர்ட் விளையும் டோரு பள்ளத்தாக்குக்கு எல்லை வகுத்தார். அந்த வணிகம் பெருகப் பெருக, வெளியுலகத்துக்குப் போர்ச்சுகல் என்றால் போர்ட் என்றே ஆகிவிட்டது. அந்தப் பள்ளத்தாக்கில் ஒயினை இன்றும் பீப்பாய்க் கணக்கில்தான் பேசுகிறார்கள். அவர்கள் சொல் பிப்பா, ஒன்றுக்கு 550 லிட்டர். நம் பீப்பாய் அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான். கோப்பையும் அவர்களுடைய கோப்பு என்ற சொல்தான். கப்பலேறி நம் கரைக்கு வந்த சொற்கள் அவை.

சரி, கடைக்குப் போவோம். முதல் மாலைக்குச் சிவப்பு மட்டும் வையுங்கள். நான்கு பாட்டில் போதும்: டாவ், அலென்டேஜு, டோரு, பைராடா என்ற நான்கு ஒயின் பகுதிகளில் ஒவ்வொன்றிலும் ஒன்று. நான்கும் ஏறத்தாழ ஒரே விலையில், 8 முதல் 12 யூரோவுக்குள், முடிந்தவரை ஒரே அறுவடை ஆண்டாக இருக்கட்டும். 5 யூரோ பாட்டிலையும் 30 யூரோ பாட்டிலையும் அருகருகே வைத்தால் விலைதான் பேசும், ஊர் பேசாது. நீங்கள் பார்க்க வேண்டியது ஊரை.

ஊர் என்று நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பிரான்சின் காபர்னே, ஷார்டனே போல உலகமெல்லாம் பரவிய திராட்சைகளை நம்பி இந்த நாடு நிற்கவில்லை. 250-க்கும் மேற்பட்ட சொந்த வகைகள் இருக்கின்றன. பழைய தோட்டங்களில் இருபது முப்பது வகைக் கொடிகள் கலந்தே நடப்பட்டிருக்கும், கலந்தே பறித்து ஒன்றாக நொதிக்க வைப்பார்கள். பெயரும் ஊருக்கு ஊர் மாறும். டோருவில் டின்டா ரோரிஸ் என்பதை அலென்டேஜுவில் அரகோனேஸ் என்பார்கள், எல்லை தாண்டினால் அதுவே ஸ்பெயினின் டெம்பிரானில்யோ. டாவில் ஷயேன் என்பது ஸ்பெயினில் மென்சியா. ஆகவே திராட்சைப் பெயரைப் பிடித்துக்கொண்டு ஒப்பிடப் போனால் சீக்கிரமே வழி தப்பும். மண்ணையும் வெயிலையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

டாவ் என்று எழுதினாலும் அதை மூக்கால் முடிக்க வேண்டும், கடைக்காரர் சொல்லும்போது கேட்டுக்கொள்ளுங்கள். கருங்கல் மண், சுற்றிலும் மலை. கிழக்கே எஸ்ட்ரெலா, மேற்கே காரமுலு. கடல் மழையும் உள்நாட்டு அனலும் நேராக வந்து தாக்காது, இரவு குளிரும். அதனால் திராட்சை நிதானமாகப் பழுக்கிறது, புளிப்பு கரைந்துபோவதில்லை. ஒயின் இளைத்த உடம்போடு, மணத்தோடு, மெல்லிய துவர்ப்போடு இருக்கும். டோரிகா நாசியோனால் என்ற திராட்சையின் பிறப்பிடம் இதுதான் என்பார்கள். புத்தகங்கள் அதன் மணத்தை வயலட் பூ என்று எழுதும். நான் வயலட் பூவை முகர்ந்து வளர்ந்தவன் அல்ல. எனக்கு அது நாரத்தைத் தோலைக் கிள்ளினால் வருமே, அந்த வாசனை. உங்களுக்கு வேறு ஏதாவது தோன்றினால் அதையே எழுதுங்கள். லேபிளின் பின்பக்கம் அச்சிட்ட வருணனையைப் பார்த்து எழுத வேண்டாம்.

டாவுக்கு ஒரு கெட்ட காலமும் இருந்தது. 1908-லேயே எல்லை வகுக்கப்பட்ட பெருமைக்குரிய பகுதி அது. சர்வாதிகாரி சலாசார் ஆட்சியில் திராட்சையை வாங்கி ஒயின் ஆக்கும் உரிமையைக் கூட்டுறவு ஆலைகளுக்கே கொடுத்துவிட்டார்கள். வணிகர்கள் செய்துமுடித்த ஒயினைத்தான் வாங்க முடியும். போட்டி இல்லாத இடத்தில் அக்கறையும் குறைந்தது. பல பத்தாண்டுகள் டாவ் என்றால் பழமில்லாத, கட்டை போன்ற ஒயின் என்று பெயர் வாங்கியது. 1986-இல் நாடு ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்த பிறகுதான் அந்த ஏகபோகம் முடிவுக்கு வந்தது. இப்போது அங்கே சிறு தோட்டக்காரர்கள் செய்யும் ஒயின்கள்தான், என் கருத்தில், இந்த நாட்டில் கொடுக்கிற காசுக்கு அதிகம் தருபவை.

பைராடா டாவுக்கு மேற்கே, கடலை ஒட்டி. சுண்ணாம்பு கலந்த களிமண். களிமண்ணுக்கு அவர்கள் சொல்லும் பாரு என்ற சொல்லிலிருந்துதான் ஊர்ப்பெயரே. இங்கே ராஜா பாகா என்ற சின்ன திராட்சை. தோல் தடிமன், பழுப்பது தாமதம். அறுவடை நேரத்தில் கடலிலிருந்து மழை வந்துவிட்டால் விவசாயி என்ன செய்வார்? அழுகிப்போகுமே என்று சீக்கிரம் பறித்தால் பச்சைத் துவர்ப்பு. காத்திருந்தால் பயிரே போகலாம். முன்பெல்லாம் காம்போடு சேர்த்தே நொதிக்கவைப்பார்கள், அதனால் துவர்ப்பு இன்னும் ஏறும். நான் முதன்முதலில் இளம் பாகா ஒன்றைத் திறந்தபோது, பாட்டில் கெட்டுவிட்டது என்று நினைத்து மூடி வைத்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் அடுத்த நாள் அதே பாட்டிலை எடுத்து, கொழுப்பு சொட்டும் வறுத்த பன்றிக்குட்டி இறைச்சியோடு ஊற்றிக் கொடுத்தார். பைராடாவில் மேயால்யாடா என்ற ஊர் இந்த வறுவலுக்குப் பேர்போனது. ஒரு துண்டு இறைச்சி, ஒரு மிடறு ஒயின். வாயில் இருந்த கொழுப்பு முழுவதும் துடைத்ததுபோல் போய்விட்டது. கறி விருந்துக்குப் பிறகு பாக்கு மெல்லுகிறோமே, அதே வேலைதான். தனியாகக் குடித்தபோது முரட்டுத்தனமாகத் தெரிந்தது, இறைச்சியோடு சேர்ந்தபோது அந்தத் துவர்ப்பு இல்லாமல் முடியாது என்று ஆனது. அன்றிலிருந்துதான் எனக்கு இந்த ஒயின்கள் புரியத் தொடங்கின.

நல்ல பாகா பத்துப் பதினைந்து வருடம் தாங்கும். கறுத்த பழம் மெல்ல விலகி, காய்ந்த மூலிகை, புகையிலை என்று வேறு மணங்கள் வரும். அவசரக்காரர்களுக்கான ஒயின் அல்ல. டாவுக்கும் பைராடாவுக்கும் நடுவில் புசாக்கு மலைக்காட்டில் ஒரு பழைய அரண்மனை ஹோட்டல் இருக்கிறது. அங்கே டாவின் டோரிகாவையும் பைராடாவின் பாகாவையும் கலந்து தங்கள் பெயரிலேயே ஒயின் செய்கிறார்கள். ஒன்றில் இருக்கும் மணமும் மற்றதில் இருக்கும் எலும்பும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க என்றாவது ஒரு நாள் போய் வாருங்கள்.

டோரு வேறு உலகம். தகடு தகடாகப் பிளக்கும் பலகைக்கல் மலைச்சரிவு, படிப்படியாக வெட்டிய தோட்டங்கள். தண்ணீர் தேடி அந்த விரிசல்கள் வழியாக வேர் ஆழம் இறங்கும். ஒன்பது மாதம் குளிர்காலம், மூன்று மாதம் நரகம் என்று அந்த ஊர்க்காரர்களே சொல்வார்கள். ஒயினும் அப்படித்தான், அடர்த்தி, நாவற்பழக் கருமை, பழுத்த துவர்ப்பு. இங்கே எல்லாத் திராட்சையும் போர்ட்டுக்கே என்று இருந்த காலத்தில், ஃபெரெய்ரா என்ற போர்ட் நிறுவனத்தில் இருந்த ஃபெர்னாண்டு நிக்கோலாவ் டி அல்மெய்டா என்பவர் பிரான்சின் போர்தோவைப் பார்த்துவிட்டு வந்து, சாராயம் சேர்க்காத உயர்ந்த ஒயின் செய்வேன் என்று இறங்கினார். மேல் டோருவின் அனலில், மின்சார வசதி இல்லாத இடத்தில், நொதிக்கும் சாற்றைக் குளிர்விக்கக் கடற்கரைப் பக்கமிருந்து பனிக்கட்டி வரவழைத்தார்கள். அப்படி வந்ததுதான் 1952-இன் பார்கா வெல்யா என்ற சிவப்பு ஒயின். இன்றும் எல்லா வருடமும் அது வெளிவராது. பல வருடம் பாட்டிலில் வைத்துப் பார்த்து, தரம் போதாது என்று பட்டால் ரெசெர்வா எஸ்பெசியால் என்று வேறு பெயரில் விடுவார்கள். அந்த விலை நமக்கு எட்டாது. ஆனால் நீங்கள் வாங்கப்போகும் 10 யூரோ டோரு ஒயினுக்கும் வழி திறந்துவிட்டது அந்தப் பிடிவாதம்தான்.

அலென்டேஜு தெற்கே. அகன்ற சமவெளி, தக்கை மரங்கள், வெயில். உலகத்துக்குத் தேவையான தக்கையில் ஏறத்தாழப் பாதி போர்ச்சுகலிலிருந்து போகிறது, அதில் பெரும்பங்கு இந்தப் பக்கத்து மரங்கள் தருவது. ஒயின் 14 சதவீதம் வீரியத்தோடு, பழக்குழைவோடு, முதல் மிடறிலேயே பிடித்துப்போகும். புளிப்பு குறைவு. உங்கள் நண்பர்களில் அதிகம் பேர் முதல் சுற்றில் இதற்குத்தான் கை தூக்குவார்கள், பந்தயமே வைக்கலாம். தவறில்லை. ஆனால் அன்றைய தீர்ப்பை அத்தோடு முடித்துவிடாதீர்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன். இங்கே தால்யா என்னும் பெரிய மண் தாழிகளில், தோலோடு நொதிக்க வைக்கும் பழைய முறையும் உயிரோடு இருக்கிறது. நவம்பர் 11, புனித மார்ட்டின் நாளன்று தாழியைத் திறப்பார்கள். முடிந்தால் அந்த வாரம் விடிகெய்ரா பக்கம் போங்கள்.

இனி மாலை ஏற்பாடு. பாட்டிலுக்குக் காகிதம் சுற்றி எண் மட்டும் எழுதுங்கள். சுற்றியவர் வாய் திறக்கக் கூடாது. ஒரே மாதிரிக் கண்ணாடிக் கோப்பைகள் வேண்டும், வாய் கொஞ்சம் குறுகியதாக இருந்தால் மணம் தங்கும். ஒருவருக்கு 50 மில்லி போதும், 750 மில்லி பாட்டிலில் பதினைந்து முறை ஊற்றலாம். துப்புவதற்கு ஒரு பாத்திரம் வையுங்கள், அதில் கூச்சமே வேண்டாம். நான்கு ஒயினையும் விழுங்கிக்கொண்டே போனால் நான்காவதைப் பற்றி யாரும் ஒழுங்காக எதுவும் சொல்ல மாட்டார்கள்.

சூட்டைக் கவனியுங்கள், அதிகம் பேர் தவறுவது இங்கேதான். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்கலாம் என்பது பழைய ஐரோப்பியக் கல்வீடுகளின் அறைக்குச் சொன்னது. லிஸ்பன் கோடையில் உங்கள் அறை 27, 28 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் சாராய நெடி முன்னால் வந்து நிற்கும், பழம் பின்னால் போய்விடும். ஒரு மணி நேரமாவது ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள், 16 முதல் 18 டிகிரிக்கு வரட்டும்.

வரிசையும் முக்கியம். டாவ், அலென்டேஜு, டோரு, கடைசியில் பைராடா. துவர்ப்பு வாயில் சேர்ந்துகொண்டே போகும், பாகாவை முதலில் குடித்தால் அடுத்து வருவதெல்லாம் தண்ணீராகத் தெரியும். நடுநடுவே வெறும் ரொட்டியும் தண்ணீரும். ஒவ்வொருவரும் பேசாமல் முதலில் எழுதட்டும். புளிப்பு எவ்வளவு, துவர்ப்பு எந்த வகை, வாயில் எடை எப்படி, விழுங்கிய பிறகு எவ்வளவு நேரம் நிற்கிறது. நட்சத்திரம், நூற்றுக்கு இத்தனை என்றெல்லாம் போட வேண்டாம். ஒருவர் சத்தமாக ஒரு மணத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் மற்ற எல்லோருக்கும் அதே வாசனைதான் வரும், அதனால்தான் பேசாமல் எழுதச் சொல்கிறேன். ஈரமான பழைய செய்தித்தாள் போல, நனைந்த அட்டைப்பெட்டி போல வாடை வந்தால் அது ஒயினின் குணம் அல்ல, தக்கையிலிருந்து வந்த கேடு. அந்தப் பாட்டிலை ஒதுக்கிவிடுங்கள்.

இப்படி ஒரு சுற்று முடிந்ததும் சாப்பாட்டை எடுத்து வையுங்கள். எஸ்ட்ரெலா மலைச் செம்மறி ஆட்டுப்பால் சீஸ், கொழுப்புள்ள பன்றி அல்லது ஆட்டு இறைச்சி. காகிதத்தைப் பிரிக்காமல் அதே நான்கையும் மறுபடி குடித்து, அதே தாளில் பக்கத்து வரிசையில் எழுதுங்கள். உங்களுக்குப் பிடித்த வரிசையில் பாட்டில் எண்கள் இடம் மாறுவதைப் பார்ப்பீர்கள். நம் ஊர்ச் சமையல் வைப்பதானால் மிளகாயைக் குறைத்துக்கொள்ளுங்கள். காரம் ஏறினால் சாராயம் எரியும், துவர்ப்பு கசக்கும், ஒப்பிடவே முடியாது.

ஒவ்வொரு பாட்டிலிலும் கால்வாசி மிச்சம் வைத்து மூடிவிடுங்கள். மறுநாள் மாலை இரண்டு பேராவது சேர்ந்து மீண்டும் சுவையுங்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். பெரும்பாலும் அலென்டேஜு தளர்ந்து, பழைய ஜாம் போல ஆகியிருக்கும். டாவ் அப்படியே இருக்கும், அல்லது மணம் கூடியிருக்கும். முதல் நாள் இறுகிக் கிடந்த பாகா அன்றுதான் வாய் திறக்கும். காற்றுப்பட்டு ஒரு நாள் தாங்குகிற ஒயின் பாட்டிலிலும் சில வருடம் தாங்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். முதல் நாள் அலென்டேஜுவுக்குக் கை தூக்கியவர்களிடம் அந்த நான்கையும் மறுநாள் கொடுத்துப் பாருங்கள்.

லேபிள் பற்றி இரண்டு வார்த்தை. டிஓசி என்றால் குறிப்பிட்ட பகுதியின் விதிப்படி செய்தது. வின்யு ரெஜியோனால் என்றால் விதி தளர்ந்தது, மட்டம் என்று பொருளல்ல. சிவப்பில் கர்ராஃபெய்ரா என்று இருந்தால் குறைந்தது 30 மாதம், அதில் 12 மாதம் பாட்டிலிலேயே வைத்து முதிர்த்தது. கின்டா என்பது தோட்டம், அவ்வளவுதான்.

வெள்ளைக்கு இன்னொரு மாலை வையுங்கள், இரண்டையும் ஒரே நாளில் திணிக்க வேண்டாம். வடமேற்கின் வின்யு வெர்டே எல்லோருக்கும் தெரியும். வெர்டே என்றால் பச்சை, ஆனால் இங்கே இளசு என்ற பொருளில். லேசான குமிழி, குறைந்த வீரியம், எலுமிச்சைப் புளிப்பு. பொரித்த மத்திக்கு எலுமிச்சை பிழிவதற்குப் பதிலாக இதைக் குடிக்கலாம். ஆனால் மலிவானதை மட்டும் குடித்துவிட்டு அதுதான் வின்யு வெர்டே என்று நினைத்துவிடாதீர்கள். லோரெய்ரு திராட்சையில் செய்த ஒன்றையும், மின்யு ஆற்றங்கரை மொன்சாவ், மெல்காசுவில் விளையும் அல்வரின்யு ஒன்றையும் அருகருகே வையுங்கள். முன்னது பூவாசனையும் மென்மையும், பின்னது எடையும் நீளமும். ஆற்றுக்கு அக்கரையில் ஸ்பெயின்காரர்கள் அல்பரின்யோ என்று விற்பதும் இதே திராட்சைதான், ஒரு பாட்டில் கிடைத்தால் மூன்றாவதாக வையுங்கள். நான்காவதாக டாவின் என்க்ருசாடு. பல வருடம் தாங்கும் வெள்ளை ஒயின் இந்த நாட்டில் உண்டா என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது அதைத்தான். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே புசேலாஸில் அரின்டு இருக்கிறது. வெயிலிலும் புளிப்பை விடாத திராட்சை அது.

லிஸ்பனிலேயே இருப்பதால் இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு சனிக்கிழமை சிந்த்ரா ரயிலேறி, அங்கிருந்து கோலாரஸ் போங்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் கொடிகளை எல்லாம் வேரில் தின்று அழித்த ஃபிலாக்செரா பூச்சியால் மணலில் நடமாட முடியவில்லை. கோலாரஸ் முழுக்கக் கடற்கரை மணல், அதனால் அங்கே கொடிகள் தப்பின. மற்ற ஊர்களில் அமெரிக்க வேரில் ஒட்டுக் கட்டி வளர்க்கிறார்கள், இங்கே சொந்த வேரிலேயே நிற்கின்றன. நடும்போது மணலுக்கு அடியில் இருக்கும் களிமண் வரை ஆழமாகக் குழி தோண்ட வேண்டும். மணல் சரிந்து மூடினாலும் மூச்சுவிட இடம் இருக்கட்டும் என்று தோண்டுகிறவர்கள் தலைமேல் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு வேலை செய்தார்கள். திராட்சையின் பெயர் ராமிஷ்கு. வீரியம் குறைவு, புளிப்பு அதிகம், துவர்ப்பு நீளம், கடற்காற்றின் உப்பு லேசாக. 1931-இல் தொடங்கிய கூட்டுறவு ஆலை அங்கே இருக்கிறது. விலை கொஞ்சம் கூடுதல். நகரம் நெருக்கித் தோட்டங்கள் மிகவும் சுருங்கிவிட்டன. ஒரு பாட்டில் வாங்கி வந்து, அடுத்த சிவப்பு மாலையில் பைராடாவுக்குப் பிறகு, ஐந்தாவதாக வையுங்கள்.